18 இலட்சத்துக்கு ஒரு வீடா, ஒரு முடுக்கா?

கேள்வி: நான் வத்தளையில் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களோடு படித்தவர்கள் சேர்ந்து 18 இலட்சம் ரூபா திரட்டியிருக்கிறோம். பாதிக்கு மேல் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நண்பர்கள் தந்தது. கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு தோட்டத்தில், அதாவது ஏழைகள் நெருங்கி வாழும் ஒரு குடியிருப்பில், எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. தாய் வீட்டு வேலைக்குப் போகிறார். மூன்று பிள்ளைகள், பாரிசவாதத்தில் இடக்கை விழுந்துபோன பாட்டி. ஒரு பேர்ச் கூட வராத இடத்தில் பலகையும் தகரமுமாக ஒரு வீடு. அதை உடைத்துக் கல்வீடாகக் கட்டி, கிறிஸ்மஸுக்கு முன் திறப்பு விழா வைத்து, காசு தந்தவர்களின் பெயர்ப்பலகையும் போட நினைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போதே முகம் சுளிக்கிறார்கள், பொறாமை போல. எங்களில் ஒருவர், "கட்டிக் குடுத்தா வித்துப்போட்டு வேற இடத்தில போய்த் தகரம் அடிப்பாங்கள்" என்கிறார். காசு போதுமா? சட்டச் சிக்கல் வருமா? நாங்கள் செய்வது சரியா?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் வீட்டின் அளவு இருக்கிறது, பாட்டியின் கை இருக்கிறது, திறப்பு விழாவின் திகதிகூட ஏறத்தாழ இருக்கிறது. காணி யாருடையது என்பது மட்டும் இல்லை. வட கொழும்புத் தோட்டங்களில் இருபது வருடங்களுக்கு மேலாக அளவு நாடாவோடு அலைந்த ஒரு பொறியியலாளன் நான். முதலில் கேட்பது அதைத்தான்.

தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "நம்ம காணி" என்றுதான் சொல்வார்கள். மூன்று தலைமுறை இருந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் கடதாசியில் அது மாநகர சபையின் காணியாக இருக்கலாம், நகர அபிவிருத்தி அதிகார சபையுடையதாக, தேசிய வீடமைப்பு அதிகார சபையுடையதாக, ரயில்வேயுடையதாகவும் இருக்கலாம். கால்வாய்க்கரை என்றால் கால்வாய் ஒதுக்கீட்டுக்குள் விழும். சில இடங்கள் பழைய தனியார் தோட்டங்கள். ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று எல்லை வைத்த 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தோடு உரிமையாளரிடமிருந்து போய், குடியிருந்தவர் கைக்குக் காணி உறுதிப் பத்திரம் வராமல் இடைவழியில் நிற்பவையும் உண்டு. ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்யக்கூடியது வேறு.

அரச காணி என்றால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். அரச காணியில் அனுமதியில்லாமல் இருப்பவர்களை நீதவான் நீதிமன்றம் மூலம் வெளியேற்றுவதற்கான சட்டம் அது. அங்கே போய் "18 இலட்சம் செலவழித்துக் கட்டினோம்" என்றால் எடுபடாது. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு காலத்தில் ஒரு நற்பணி அமைப்போடு சேர்ந்து கால்வாய்க்கரையில் இரண்டு கல்வீடுகள் கட்டினோம். தாயகம் வந்த நண்பர்கள் ரிப்பன் வெட்டினார்கள். மூன்றாம் வருடம் கால்வாயை அகலப்படுத்த அளந்தார்கள். தகர வீட்டுக்கும் எங்கள் கல்வீட்டுக்கும் ஒரே அளவு மாற்று வீடுதான். சரி, காசு போனது போகட்டும். அதைவிடப் பெரிய வினை ஒன்று இருந்தது. கணக்கெடுப்பில் பழைய வீட்டின் பலகைக் கதவில் ஓர் இலக்கம் எழுதியிருந்தார்கள். நாங்கள் வீட்டை உடைத்தபோது அந்தக் கதவு விறகாகிவிட்டது. புது வீட்டின் வாசலையோ வசதிக்காக அடுத்த முடுக்குப் பக்கம் திருப்பியிருந்தோம். அந்த இலக்கத்துக் குடும்பம் இதுதான் என்று நிரூபிக்க அந்தப் பெண்மணி எட்டு மாதம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். உதவி செய்யப் போய் அவரிடம் இருந்த ஒரே ஆதாரத்தை நாங்களே அடுப்பில் போட்டிருந்தோம்.

ஆகவே முதல் செலவு ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அந்தத் தாயின் பெயரில் இருக்கிற ஒவ்வொரு துண்டையும் அதில் போடச் சொல்லுங்கள்: வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும் பக்கம், கிராம சேவகரின் சான்று, வீட்டு வரி இலக்கம், கரண்ட் பில், தண்ணி பில், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கக் கொடுத்த கடிதம், பெற்றோர் காலத்து வீட்டுக்கடன் புத்தகம் இருந்தால் அதுவும். கதவில் இலக்கம் இருந்தால் வீட்டோடு சேர்த்துப் படம் எடுங்கள். பிறகு நீங்களே ஒரு நாள் அவரோடு பிரதேச செயலகத்துக்குப் போய்வாருங்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி பக்கத்தில் நின்றால் கதிரை போட்டுப் பேசுவார்கள். நியாயமில்லைதான், ஆனால் அது உங்களிடம் இருக்கிற ஒரு மூலதனம். 18 இலட்சத்தில் அது சேராது.

அந்தத் தோட்டம் தொடர்மாடிக்கு மாற்றும் பட்டியலில் இருப்பதாகத் தெரியவந்தால் கல் ஒன்றும் வைக்காதீர்கள். 2001இல் பொரளைப் பக்கம் சஹஸ்புர எழுந்தது, 14 மாடி, 671 வீடுகள். அப்புறம் தெமட்டகொட, ஹேனமுல்ல, மட்டக்குளி என்று எவ்வளவோ கோபுரங்கள் எழுந்துவிட்டன. மாறிப் போகும் குடும்பத்துக்கு வேறு விதமான உதவி தேவைப்படும். ஆரம்பக் கட்டணம், பராமரிப்புக் காசு, புது மீற்றர், லிப்ட் பழுதாகும் நாட்களில் பாட்டியை இறக்குவது. முடுக்கு வாசலில் இடியப்பம் விற்றவர் ஒன்பதாம் மாடியில் யாருக்கு விற்பார்? இதற்கெல்லாம் காசு தருகிற தர்ம அமைப்பை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். புகைப்படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லை.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள். பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. அதுவும் முழுதாக இல்லாத இடத்தில் நிற்கிற வீட்டுக்குத் தனிச்சுவர் கிடையாது. நீங்கள் உடைக்கப் போவது அவர்களுடைய சுவரும்தான். அவர்களுடைய கூரைமரம் உங்கள் குடும்பத்தின் பலகையில்தான் தாங்கி நிற்கும். அத்திவாரம் தோண்டினால், அதுவும் குப்பையும் மண்ணும் போட்டு மேடாக்கிய நிலமாக இருந்தால், அடுத்த வீடு சாயும். இருக்கிற இடத்தில் ஐந்து பேர் படுக்க மேல்மாடி போட்டால், மழைத்தண்ணி அவர்கள் தகரத்தில் விழும், காற்று அடைபடும். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் முகம் சுளிப்பதோடு நின்றிருக்க மாட்டேன்.

காசு போதுமா என்றால், வத்தளையில் ஒரு வெற்றுக் காணியில் அறை போடுகிற கணக்கை வைத்துக்கொண்டு வராதீர்கள். மூன்றடி முடுக்குக்குள் லொறி வராது. கல்லும் மண்ணும் பெரிய வீதியில் இறங்கும், அங்கிருந்து தலைச்சுமை. உடைத்ததை வெளியே கொண்டுபோகவும் அதே தலைச்சுமை. வேலை முடியும்வரை குடும்பம் எங்கே இருக்கும்? வாடகைக்கு அறை எடுத்தால் முற்பணம். மேசன் பாஸ் சொல்லுகிற தொகையில் இவை எதுவும் இருக்காது. சீமெந்தும் கம்பியும் 2022க்குப் பிறகு என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்கே தெரியும். 18 இலட்சத்தில் ஒரு மாதிரி சுவர் எழும்பிவிடும். பூச்சும் கதவும் மலசலகூடமும் இல்லாமல் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். பாதியில் நிற்கிற கல்வீட்டைவிட முழுதாக நிற்கிற பலகை வீடு மேல்.

கிறிஸ்மஸுக்கு முன் என்பதையும் மறந்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேரம் இடியோடு கொட்டும். அந்த நேரத்தில் கூரையைக் கழற்றினால் பாட்டியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? ஜனவரி, பெப்ரவரிதான் கூரை வேலைக்கு நல்லது.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? ஒரு வீட்டை விட்டுவிட்டு அந்த முடுக்கைப் பாருங்கள். தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டை ஒரே நாளில் கட்டுவதில்லை. இந்த வருடம் பத்துக் கல், அடுத்த வருடம் ஒரு யன்னல், மகன் வளைகுடாவுக்குப் போனால் சிலாப். அதை அவர்கள் எப்படியாவது செய்துகொள்வார்கள். தனியாக ஒரு குடும்பத்தால் முடியாததுதான் கான் (வடிகால்), மலசலகூடம், மின் இணைப்பு, கடதாசி. தர்மக் காசு அங்கே போனால் இருபது வீட்டுக்குப் பயன்படும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் இந்த வழியில்தான் நடந்தது. அதற்கு முந்திய ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசாங்கமே கட்டிக் கொடுக்கப் பார்த்தது, செலவு தாங்கவில்லை. அப்புறம் சிறு கடன், நிலத்துக்கு ஓர் ஒழுங்கு, தண்ணி, கான் என்று கொடுத்துவிட்டுக் கட்டுகிற வேலையைக் குடும்பங்களிடம் விட்டார்கள். ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த துண்டில் கட்ட விடாத நகரத்தில், அந்த இடங்களுக்காக விதியைத் தளர்த்தி இரண்டு பேர்ச் போதும் என்றார்கள். கான், கிணறு, பாதை போன்ற வேலைகளைக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் தோட்டத்துச் சபைக்கே கொந்தராத்தாகக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் அரசியலும் இருந்தது, ஓட்டையும் இருந்தது. ஆனாலும் அன்று தோட்டத்து ஆட்களே போட்ட சில கான்கள் இன்றும் ஓடுகின்றன. எங்கே அடைக்கும் என்று போட்டவர்களுக்குத் தெரியும்.

கான் என்றதும் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் சேற்று முடுக்குக்குக் கொங்கிரீட் போட்டுக் கொடுத்தோம். நாலங்குல தடிப்பு, அழகான வேலை, எல்லோரும் கைதட்டினார்கள். முதல் மழைக்கு முடுக்கு காய்ந்து கிடந்தது, தண்ணி முழுக்க வீடுகளுக்குள் நின்றது. பழைய முடுக்கைவிடப் புது முடுக்கு உயர்ந்துவிட்டதே, வீட்டுத் தரை பள்ளமாகிப் போனது. உயரம் பார்க்கிற நீர்மட்டக் குழாய் என் பையிலேயே இருந்தது. அதை ஒரு தரம் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். பாட்டிமார் வாளியால் இறைத்ததை நான் நின்று பார்த்தேன். நீங்கள் பாதை போடுவதாக இருந்தால் முதலில் பழைய மண்ணை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கான் எங்கே போய் விழுகிறது என்று கடைசிவரை நடந்து பாருங்கள். மழை நாளில் போனால் அளக்காமலேயே தெரியும்.

மின்சாரத்துக்கு நான் கட்டாயம் காசு ஒதுக்குவேன். பக்கத்து வீட்டு மீற்றரிலிருந்து வயர் இழுத்து மூன்று நான்கு வீடுகள் ஓடுவது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பலகை வீட்டில் அந்த வயர்தான் எமன். இன்னொன்று பலருக்குத் தெரியாது. நம் கட்டணம் அலகு கூடக் கூட விலையும் கூடுகிற முறை. 60 அலகுக்குள் நின்றால் ஒரு பட்டியல், தாண்டினால் வேறு. நான்கு வீடு ஒரே மீற்றரில் தொங்கினால் நான்கு ஏழைகளும் சேர்ந்து பணக்காரர் விலை கட்டுகிறார்கள். தனி மீற்றருக்கான முற்பணத்தையும் ட்ரிப் சுவிட்சோடு சரியான வயரிங்கையும் கொடுத்துப் பாருங்கள், அடுத்த மாதமே பில்லில் தெரியும். பெயரில் வருகிற பில் அந்தப் பிளாஸ்டிக் கோப்புக்குள்ளும் போகும்.

மலசலகூடம் பொதுவில் இருந்தால், வரிசையாகப் பத்துக் கட்டி எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் யாரும் போக முடியாது. மூன்று நான்கு குடும்பத்துக்கு ஒன்று, பூட்டுப் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவி. இதுதான் நான் பார்த்தவரை ஓடுகிற முறை. மாநகரசபையின் கழிவுக்குழாய் பக்கத்தில் போனால் அதில் இணைக்கலாம். குழி என்றால் கழிவை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசர் வண்டியின் குழாய் எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். உள்ளே ஒரு பல்பு. இரவில் போகப் பயந்து பெண்பிள்ளைகள் பின்னேரத்திலிருந்தே தண்ணி குடிக்காமல் இருப்பார்கள். இதை எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டார்கள்.

கூரையைப் பற்றி இரண்டு வார்த்தை. தகரம் பறக்காமல் இருக்க மேலே டயர் போட்டிருப்பார்கள். அதில் தண்ணி நிற்கும், டெங்கு வரும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவார். தகட்டைச் சரியான சட்டத்தில் ஆணியடித்து இறுக்கிவிட்டால் டயர் தேவையில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு வலை அடித்தால் பகலில் உள்ளே இருக்கலாம். பழைய அஸ்பெஸ்டஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், வெட்டாமல், நனைத்து முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசு பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும்.

காசை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. தோட்டத்தில் ஏற்கனவே சேமிக்கிற பெண்கள் இருப்பார்கள். சீட்டுப் பிடிப்பவர்களாக இருக்கலாம், மரண உதவிச் சங்கமாக இருக்கலாம், 'காந்தா பேங்குவ' என்று எல்லோரும் சொல்லும் மகளிர் வங்கியின் குழுவாக இருக்கலாம். அந்த வங்கி 1989இல் வாரம் ஐந்து ரூபா சேமிப்போடு கொழும்புத் தோட்டங்களில்தான் தொடங்கியது, 1991இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது. யார் கட்டுவார், யார் கட்டமாட்டார், யாருடைய புருஷன் குடித்துத் தீர்ப்பார் என்று அவர்களுக்குத் தெரிவதுபோல் நீங்கள் இருந்த எந்த வங்கிக்கும் தெரியாது. கோபிக்காதீர்கள்.

நான் என்றால் இப்படிப் பிரிப்பேன். ஏறக்குறையப் பாதியைப் பொது வேலைக்குத் தானமாக. இன்னொரு பெரிய பங்கைக் கூரை, வயரிங், தரை போன்ற வீட்டு வேலைகளுக்குச் சிறு கடனாக, திரும்பி வருகிற காசு உங்களுக்கு வரக்கூடாது, அந்தப் பெண்களின் குழுவிலேயே சுழலட்டும். கடன் கட்டவே முடியாத ஒன்றிரண்டு வீட்டுக்கு முழுத் தானம். அது எந்த வீடு என்று தோட்டமே சொல்லட்டும். பாட்டி இருக்கும் வீட்டைத்தான் அவர்களும் சொல்வார்கள் என்று பந்தயம் கட்டுவேன், அப்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டு இலட்சத்தையாவது தொடாமல் வையுங்கள், கான் அடைபடும், தண்ணி மோட்டர் எரியும்.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ வைக்காதீர்கள். கொழும்புத் தோட்டம் என்றால் தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாம் ஒரே குழாயடிதான். தமிழில் மட்டும் பேசி, ஒரு பண்டிகைக்குத் திறப்பு விழா வைத்தால் மற்றவர்கள் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். குழாயடியிலேயே பேசுங்கள், இரவு ஏழு மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் வந்த பிறகு.

உங்கள் நண்பர் சொன்ன "வித்துப்போடுவாங்கள்" கதை. சிலர் விற்பார்கள், உண்மைதான். ஏன் என்று நான் கேட்டவரை, ஆஸ்பத்திரிச் செலவு, மகளின் கலியாணம், வாரா வாரம் வாசலில் வந்து நிற்கிற கடன்காரர். வத்தளையில் உங்கள் பக்கத்துக் காணியை யாராவது விற்றால் நல்ல விலை போனதா என்றுதானே கேட்பீர்கள்? கானையும் மீற்றரையும் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று நண்பரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

வெளிநாட்டுக் காசு யாருடைய தனிக் கணக்கிலும் கிடக்க வேண்டாம். தொடர்ந்து செய்யும் எண்ணமிருந்தால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள், அல்லது ஏற்கனவே பதிவான ஓர் அமைப்பின் ஊடாகக் கொடுங்கள். பற்றுச்சீட்டு விஷயம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெயர்ப்பலகை வேண்டாம் என்றுதான் சொல்வேன். தன் வீட்டு வாசலில் அடுத்தவர் பெயரைப் பார்த்துக்கொண்டு வளர்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். டொரொன்டோ நண்பர்கள் கேட்டே தீருவார்கள் என்றால், முடிந்த கானின் படத்தோடு செலவுக் கணக்கை அனுப்புங்கள்.

பாட்டியின் வீட்டில் வேலை தொடங்குகிற அன்று நீங்கள் கட்டாயம் நில்லுங்கள். மேசன் பாஸ் பழக்கத்தில் படியும் கைபிடியும் தனக்கு வசதியான பக்கம் வைத்துவிடுவார். பாட்டிக்கு வலக்கைதான் இருக்கிறது. உள்ளே போகும்போது வலப்பக்கம் இருப்பது வெளியே வரும்போது இடப்பக்கம் ஆகிவிடும், ஆகவே மலசலகூடத்துக்கு இரண்டு பக்கமும் கைபிடி வேண்டும். உயரத்தை அவரை நிற்க வைத்தே அளக்கச் சொல்லுங்கள்.